காலுக்கு ஏற்ற பாட்டு

தொலைக்காட்சி நடனப் போட்டியில் ஒரு ஜோடி மேடைக்கு வந்து நிற்கிறது. விளக்கு மாறுகிறது. பாட்டின் முன்னிசை தொடங்கி இரண்டு நொடி ஆவதற்குள் அரங்கு முழுக்கக் கைதட்டல், விசில். ஆட வந்தவர்கள் இன்னும் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. அந்தக் கைதட்டல் பாட்டுக்கும், பாட்டோடு சேர்ந்து நினைவுக்கு வரும் படத்துக்கும், அதில் ஆடிய நாயகனுக்கும் கிடைத்தது. அடுத்த சில நிமிடங்கள் மேடையில் இருக்கும் இருவரும் அந்த நினைவோடு மோத வேண்டும். பெரும்பாலும் தோற்கிறார்கள். அவர்கள் பயிற்சி போதவில்லை என்று நடுவர்கள் சொல்லக்கூடும். என் பார்வையில் அந்தத் தோல்வி, பாட்டைத் தேர்ந்தெடுத்த அன்றைக்கே பாதி முடிவாகிவிடுகிறது.

தமிழில் இந்த வகை நிகழ்ச்சிகளுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டு வரலாறு உண்டு. 2006-இல் விஜய் தொலைக்காட்சி ‘ஜோடி நம்பர் ஒன்’ தொடங்கியது. 2007 செப்டம்பரில் ஒளிபரப்பைத் தொடங்கிய கலைஞர் தொலைக்காட்சி, கலா மாஸ்டரின் ‘மானாட மயிலாட’வைக் கொண்டுவந்தது. மலையாளப் படமான ‘கொச்சு கொச்சு சந்தோஷங்க’ளுக்காக நடன இயக்கத்தில் தேசிய விருது பெற்ற கலா, திரைப்படத் தளத்தின் வேலைமுறையை அப்படியே சின்னத்திரைக்கு எடுத்து வந்தார். ‘கெமிஸ்ட்ரி’ என்ற சொல்லுக்குப் பள்ளிப் பாடத்தைத் தாண்டிய ஒரு பொருள் தமிழ் வீடுகளில் புழங்கத் தொடங்கியது அந்த நிகழ்ச்சியால்தான். அதே 2006-இல் இந்தியில் சோனி தொலைக்காட்சி ‘ஜலக் திக்லா ஜா’வைத் தொடங்கியிருந்தது. அது பிபிசியின் ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்’ நிகழ்ச்சிக்கு உரிமை பெற்ற இந்திய வடிவம். அதன் பெயரே ஓர் இந்தித் திரைப்பாட்டிலிருந்து வந்தது. தமிழ் நிகழ்ச்சிகள் பிபிசியிடம் உரிமை வாங்கியவை அல்ல. ஆனாலும் ஜோடி, வாரம் ஒரு சுற்று, நடுவர் மதிப்பெண், வெளியேற்றம் என்ற எலும்புக்கூடு ஒன்றுதான். ஆகவே அந்த மூல நிகழ்ச்சி பாட்டை எப்படி எடுக்கிறது என்று பார்ப்பது நமக்குப் பயன்படும்.

அதற்கு முன், அந்த நிகழ்ச்சிக்கு அடிப்படையான பால்ரூம் என்ற மேற்கத்திய ஜோடி நடனத்தின் போட்டிகளைப் பற்றி நம்மில் பலர் கவனிக்காத ஒரு செய்தி. தொலைக்காட்சிக்கு வெளியே நடக்கும் முறையான பால்ரூம் போட்டியில், வழக்கமான சுற்றுகளில் ஆடுபவர்கள் பாட்டைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. ஏழெட்டு ஜோடிகள் ஒரே நேரத்தில் தளத்தில் இறங்கும். போட்டி நடத்துபவர் ஒரு பாட்டைப் போடுவார். அது எந்தப் பாட்டு என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. வால்ட்ஸ் என்றால் மூன்று எண்ணிக்கை, நிமிடத்துக்கு இத்தனை ஆவர்த்தனம் என்ற வரையறை மட்டும் தெரியும். அந்த வரையறைக்குள் எந்த மெட்டு வந்தாலும் ஆடத் தெரிய வேண்டும். பாட்டு எல்லோருக்கும் பொது. வித்தியாசம் காலில் மட்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனிப் பாட்டு என்பது தொலைக்காட்சி கொண்டுவந்த மாற்றம். அதோடு பாட்டும் போட்டியின் ஒரு பங்காகிவிட்டது.

இந்தப் பொதுப் பாட்டின் வரலாற்றில் விக்டர் சில்வெஸ்டர் என்ற ஆங்கிலேயருக்குத் தனி இடம் உண்டு. 1922-இல் உலகப் பால்ரூம் பட்டம் வென்ற அவர், கடைகளில் கிடைத்த இசைத்தட்டுகள் ஆடுவதற்குத் தோதாக இல்லை என்று கண்டு 1935-இல் தானே ஒரு வாத்தியக் குழு அமைத்தார். எந்தப் பாட்டாக இருந்தாலும் அந்தந்த நடனத்துக்குரிய வேகத்தில், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு தட்டுகூடத் தளராமல் வாசிப்பது அவர் முறை. பாடகருக்கு அதில் வேலை கிடையாது. இசை ரசிகர்கள் இதைச் சப்பென்று இருக்கிறது என்று சொல்லலாம். ஆடக் கற்றுக்கொள்பவருக்கு அது தரை மாதிரி.

அந்த வேகங்களை ஒரு முறை எண்ணிக்கையாகப் பார்த்துவிடலாம். வால்ட்ஸ் நிமிடத்துக்கு 28 முதல் 30 ஆவர்த்தனம். ஆவர்த்தனத்துக்கு மூன்று தட்டு என்பதால் 84 முதல் 90 தட்டு. வியன்னா வால்ட்ஸும் மூன்று தட்டுத்தான். ஆனால் வேகம் இரட்டிப்பு, 174 முதல் 180 தட்டு. நாலு தட்டு நடனங்களில் ரும்பா 100 முதல் 108, சா-சா-சா 120 முதல் 128, ஜைவ் 168 முதல் 176, குவிக்ஸ்டெப் 200-ஐத் தாண்டும். ரும்பாவுக்கும் சா-சாவுக்கும் இடையே உள்ள இருபது தட்டு வித்தியாசம் காகிதத்தில் சிறியது. காலில் அது வேறொரு நடனம். ரும்பாவில் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து எடையை முழுதாக மாற்றிவிட்டு அடுத்த அடிக்குப் போக நேரம் இருக்கும். சா-சாவில் அந்த நேரத்துக்குள் மூன்று குட்டி அடிகள் வைத்தாக வேண்டும். ரும்பா கற்ற ஜோடியைச் சா-சா வேகத்துப் பாட்டில் நிறுத்தினால் அவர்கள் எடையை மாற்றாமல் காலை மட்டும் நகர்த்துவார்கள். பார்ப்பவருக்கு ஏதோ பொருந்தவில்லை என்று தெரியும். என்னவென்று சொல்லத் தெரியாது.

‘ஸ்ட்ரிக்ட்லி’ 2004 மே மாதம் தொடங்கியபோது இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டுபிடித்தது. ஒவ்வொரு வாரமும் அரங்கிலேயே வாத்தியக் குழுவும் பாடகர்களும் இருப்பார்கள். 2006 முதல் டேவ் ஆர்ச் என்ற இசை இயக்குநர் அந்தக் குழுவை நடத்தி வந்தார். ஒரு பாப் பாட்டு என்றாலும் ஒரு நாடகப் பாட்டு என்றாலும், அந்த வார நடனத்தின் வேகத்துக்கும் ஏறத்தாழ ஒன்றரை நிமிட அளவுக்கும் அதைப் புதிதாக எழுதி வாசிப்பார்கள். ஆண்டுதோறும் இசை நாடகப் பாட்டுகளுக்கென்றே ஒரு வாரம் ஒதுக்குவது அங்கே வழக்கம். அதற்குக் காரணம் இருக்கிறது. பிராட்வே இசை நாடகங்கள் வளர்ந்த காலமும், ஊருக்கு ஊர் நடனக் கூடங்கள் நிறைந்திருந்த காலமும் ஒன்று. ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் வால்ட்ஸ் எழுதுவதில் பெயர் வாங்கியவர். ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ நாடகத்தின் பல பாட்டுகள் மூன்று எண்ணிக்கையில்தான் நடக்கின்றன. 1954-இல் வந்த ‘தி பஜாமா கேம்’ ஒரு பைஜாமா தொழிற்சாலையில் ஏழரை சென்ட் கூலி உயர்வுக்காகத் தொழிலாளர்கள் போராடும் கதை. அதில் வரும் ஒரு டேங்கோ பாட்டு இன்றைக்கும் நடன வகுப்புகளில் ஒலிக்கிறது. கூலிப் போராட்டத்தைச் சொல்லும் நாடகத்துக்குள்ளும் ஆடுவதற்கான பாட்டுக்கு ஓர் இடம் இருந்தது.

நமக்கும் நாடகப் பாட்டு உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியதும், எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பாடி ஊரைக் கூட்டியதும் அதுதான். 1931-இல் ‘காளிதாஸ்’ படம் பேசத் தொடங்கியபோது திரைக்கு முதலில் வந்து சேர்ந்ததும் மேடைப் பாட்டும் மேடை ஆட்டமும்தான். திரைப்பாட்டு அந்த வழியில் பிறந்த பிள்ளை. அதனால் தமிழ்த் தொலைக்காட்சியில் திரைப்பாட்டுக்கு ஆடுவதை நான் குறையாகச் சொல்லவில்லை. மேற்கத்தியர்கள் இசை நாடகப் பாட்டுக்கு ஆடுகிறார்கள், நாம் திரைப்பாட்டுக்கு ஆடுகிறோம். இரண்டும் கதைக்குள் பிறந்த பாட்டுகள். எந்தத் திரைப்பாட்டு, எதற்காக என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்விக்குத் தமிழில் மிகப் பழைய விடை ஒன்று இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி மேடை ஏறுவதற்கு முன் யார் யார் எப்படி இருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது: ஆடல் ஆசான், இசை ஆசிரியன், பாட்டு எழுதும் கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழ் ஆசிரியன். மேடையின் அளவும் இருக்கிறது. இருபத்து நான்கு விரல் கொண்ட கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். தண்ணுமை வாசிப்பவனைப் பற்றி இளங்கோ சொல்வது எனக்கு எப்போதும் வியப்பு. மற்ற வாத்தியங்களில் குறை தெரியும் இடத்தை நிரப்பவும், மிகும் இடத்தில் அடக்கவும், அந்தச் செய்கை துருத்தித் தெரியாமல் பார்த்துக்கொள்ளவும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டுமாம். பிறகு வாத்தியங்கள் ஒலிக்கும் முறை வருகிறது. குழலைத் தொடர்ந்து யாழ், யாழைத் தொடர்ந்து தண்ணுமை, அதற்குப் பின் முழவு, கடைசியில் இடக்கை வாத்தியம். இவை எல்லாம் பொருந்திய பிறகுதான் ஆட்டம். முடிவில் மன்னன் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் தருகிறான். பரிசு பெறும் ஆட்டக்காரியைப் பற்றிய நம் முதல் விரிவான பதிவு, பாதிக்கு மேல் அவளுக்கு இசை எப்படி அமைக்கப்பட்டது என்பதைப் பற்றியது.

ஆட்டத்தோடு இசையையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் கோயில் கதையிலும் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்துக் கடம்பத்தூரிலிருந்து அரக்கோணம் போகும் மின்ரயிலில் ஏறினால் செஞ்சி பானம்பாக்கம், மணவூர் தாண்டி மூன்றாவது நிலையம் திருவாலங்காடு. சிவனுக்கும் காளிக்கும் நடனப் போட்டி நடந்ததாகச் சொல்லப்படும் தலம். ஐந்து சபைகளில் இரத்தின சபை. கீழே விழுந்த குண்டலத்தைக் காலாலேயே எடுத்துக் காதில் அணிந்து ஊர்த்துவ தாண்டவம் ஆடியதாகக் கதை. காரைக்கால் அம்மையார் இந்த ஊரைப் பாடிய மூத்த திருப்பதிகத்தில் ஏழு இசைகளின் பெயர்களையும், தக்கை, கொக்கரை, மத்தளம், குடமுழா, மொந்தை என்று கருவிகளின் பெயர்களையும் அடுக்கிச் செல்கிறார். ஆடுகின்ற இறைவனைப் பாட வந்தவர், எதற்கு ஆடுகிறான் என்பதையும் விடாமல் சொன்னார். போட்டிக் கதையை நான் இப்படித்தான் படிக்கிறேன்: முழவு இருவருக்கும் பொதுவாக ஒலித்தது, முடிவு காலில் தெரிந்தது.

மூன்று எண்ணிக்கை என்றதும் அது மேற்கத்திய விஷயம், நம் காலுக்கு வராது என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். நம்முடைய கும்மி பெரும்பாலும் திஸ்ரம் என்ற மூன்றெண்ணிக்கை நடையில்தான் போகிறது. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்திலும் திஸ்ரம் உண்டு. தாலாட்டில் தூளி ஆடும் ஆட்டத்தில் மூன்று எண்ணிக்கை கேட்கும். ஊர்க் குத்துப் பாட்டில் பறையும் தவிலும் சேர்ந்து அடிக்கும் அடியில் மும்மூன்றாகப் பிரியும் ஓட்டம் இருக்கும். ஆனால் எல்லா மூன்றும் ஒன்றல்ல. இங்கேதான் பாட்டுத் தேடுபவர் சறுக்குகிறார். குத்தில் ஆறு சிறு தட்டுகள் இரண்டு மும்மூன்றாகப் பிரிந்து, கால் இரண்டு முறை தரையில் இறங்கும். வால்ட்ஸில் ஆவர்த்தனத்துக்கு ஒரே ஒரு முறைதான் உடல் இறங்கும்: முதல் தட்டில் முழங்கால் மடங்கி முன்னே போகும், இரண்டிலும் மூன்றிலும் உடல் எழும்பும், பிறகு அடுத்த முதல் தட்டுக்கு மெல்ல இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் இல்லாவிட்டால் அது வால்ட்ஸே இல்லை. 1957-இல் வந்த ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் ‘அமெரிக்கா’ என்ற பாட்டை எழுதியபோது இந்த இரண்டையும் ஒன்றுவிட்டு ஒன்றாக வைத்தார்: ஆறு தட்டு ஒரு முறை இரண்டு மும்மூன்றாகவும், அடுத்த முறை மூன்று இரட்டையாகவும் பிரியும். அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே நின்ற இடத்தில் காலை மாற்றிப் பாருங்கள். உடல் தானே இருவிதமாகப் பதில் சொல்லும்.

தமிழ்த் திரையில் இந்த நடனங்களுக்கு ஏற்ற பாட்டே இல்லையா என்றால், 1964-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் பார்த்தாலே போதும். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் சேர்ந்து வேலை செய்த கடைசிக் காலம் அது. அடுத்த ஆண்டு பிரிந்துவிட்டார்கள். அந்த ஓர் ஆண்டில் ‘காதலிக்க நேரமில்லை’, ‘புதிய பறவை’, ‘சர்வர் சுந்தரம்’, ‘கறுப்புப் பணம்’ என்று படங்கள். ‘அனுபவம் புதுமை’ பாட்டில் மெக்சிகோவின் கான்சுவேலோ வெலாஸ்கஸ் எழுதிய பொலேரோவின் சாயலை ரசிகர்கள் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’வில் பாப்லோ பெல்ட்ரான் ரூயிஸின் மெக்சிகோ மெட்டு ஒன்றின் சாயலைச் சொல்வார்கள். ‘சர்வர் சுந்தர’த்தின் ‘அவளுக்கென்ன’ பாட்டில் ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்டினார்கள். டி.எம். சௌந்தரராஜன் ஒலிவாங்கி முன் நின்று பாடுகிறார், எம்.எஸ்.வி. குழுவை நடத்துகிறார். அந்தக் காலத்துக் குழுவில் டிரம்ஸுக்கு நோயல் கிராண்ட், அக்கார்டியனுக்கு மங்களமூர்த்தி போன்றவர்கள் இருந்தார்கள். ரும்பா, மாம்போ, ட்விஸ்ட் எல்லாம் அந்தக் கைகளுக்குப் பழக்கமானவை. இதற்கும் முன்னால், 1957-இல் வந்த ‘ஆரவல்லி’யில் ‘சின்னப் பெண்ணான போதிலே’, டோரிஸ் டே பாடி ஆஸ்கர் வாங்கிய ‘கே சரா சரா’வின் மெட்டு, சுத்தமான மூன்று எண்ணிக்கை. தொலைக்காட்சியில் ‘ரெட்ரோ ரவுண்டு’ என்று வரும்போதெல்லாம் பழைய உடை, பழைய தலை அலங்காரம், கண்ணை உருட்டும் பழைய நடிப்பு என்று நின்றுவிடுகிறார்கள். அந்தப் பாட்டுகளின் தாளத்தில் ஒரு நடனம் ஒளிந்திருக்கிறது என்பதை எடுத்துக் காட்டிய சுற்று எத்தனை? எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. கையில் இருக்கும் செல்வத்தை உடுப்பாக மட்டும் பயன்படுத்துகிறோம்.

இந்த நடனங்கள் கடம்பத்தூர் வழியாகப் போகும் ரயில் பாதைக்கு அந்நியமும் அல்ல. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை இது. பெரம்பூரிலும் அரக்கோணத்திலும் குடியிருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு ரயில்வே இன்ஸ்டிட்யூட் நடன மாலைகள் வாழ்க்கையின் பகுதி. வால்ட்ஸும் ஃபாக்ஸ்ட்ராட்டும் ஜைவும் கல்யாண வீட்டில் பாட்டி முதல் பேரன் வரை ஆடும் ஆட்டங்களாக இருந்தன. அவர்களில் பலர் பின்னாளில் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். பெரம்பூருக்கும் அரக்கோணத்துக்கும் நடுவே இருக்கும் கடம்பத்தூர் அந்த மாலைகளின் ஓரத்தில் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர். கடல் தாண்டி இலங்கையில் போர்த்துக்கீசியர் விட்டுப்போன பைலா, ஆறு தட்டு ஓட்டத்தோடு தமிழுக்கும் வந்தது, ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ தமிழ்நாட்டுத் திருமண ஊர்வலம் வரைக்கும் எட்டியது. தாளம் ஊர் விட்டு ஊர் வருவதில் தடையே இருந்ததில்லை.

இனி வெட்டும் வேலைக்கு வருகிறேன். தொலைக்காட்சியில் பாட்டு கெடுவதில் பாதி இங்கே நடக்கிறது. திரைப்பாட்டுக்கு முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி பல்லவி, இரண்டாம் இடையிசை, இரண்டாம் சரணம் என்று ஒரு நடை உண்டு. நாலைந்து நிமிடப் பாட்டைப் பாதிக்கும் கீழே குறைக்க வேண்டும். வழக்கமாக முன்னிசையின் தடபுடல், பல்லவி, இடையில் இன்னொரு பாட்டின் ‘பிட்’, கடைசியில் பின்னணி இசையோடு ஒரு ‘ஃபினிஷிங் போஸ்’ என்று ஒட்டுகிறார்கள். ஒட்டும் இடத்தில் இரண்டு பாட்டுக்கும் வேகம் வேறு, சுருதி வேறு. ஆடுபவர் கால் எட்டு எண்ணிக்கையில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆறாவதிலேயே பாட்டு மாறிவிட்டால் அந்த இரண்டு எண்ணிக்கை அந்தரத்தில் தொங்கும். பழகிய ஆட்டக்காரர் ஒரு சுழற்சியில் அதை மறைத்துவிடுவார். நெடுந்தொடரில் நடித்துவிட்டு இரவில் ஒத்திகைக்கு வரும் ஒருவர் தடுமாறுவார். நடுவர் அவரைத்தான் ‘டைமிங் போயிடுச்சு’ என்பார்.

வெட்டியபின் மிஞ்ச வேண்டியது, என் பரிந்துரையில், சரணம். நம் இசையமைப்பாளர்கள் பல்லவியைக் காதில் நிற்க எழுதினார்கள். சரணத்தில்தான் மெட்டைக் கொஞ்சம் அலைய விட்டார்கள், தாளக் கருவிகளை மெதுவாக்கினார்கள் அல்லது மாற்றினார்கள். ஜோடி நடனத்துக்குத் தேவையான அணைப்பும் நடையும் அங்கே அமையும். இடையிசையைப் பெரிய சுழற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். பல்லவியைக் கடைசிக்கு விட்டால், அரங்கம் பாட்டை அடையாளம் கண்டு கைதட்டும் நேரத்தில் ஜோடியும் தன் சிறந்த அடிகளில் இருக்கும். அப்போது கைதட்டல் பாட்டோடு ஜோடிக்கும் சேரும்.

வேகத்தை மாற்றும் செயலிகள் இன்றைக்கு ஒவ்வொரு கைபேசியிலும் இருக்கின்றன. திருவள்ளூர் பக்கம் மாடி அறைகளில் நடக்கும் நடன வகுப்புகளில் ஒரு ஸ்பீக்கரோடு இந்தச் செயலியும் ஒரு கருவி. ஐந்து விழுக்காடு குறைத்தால் யாருக்கும் தெரியாது. பத்துக்கு மேல் போனால் பாடகரின் மூச்சு இழுபடும், மிருதங்கச் சொல் சப்பையாகும். பாட்டை நீட்டி நடனத்துக்குள் திணிப்பதைவிட வேறு பாட்டு தேடுவது நல்லது என்று மாஸ்டர்களுக்குத் தெரியும். ஆனால் பிள்ளைகள் அந்த வாரம் வெளிவந்த பாட்டைத்தான் கேட்பார்கள்.

உரிமை என்ற இன்னொரு சங்கதியும் தேர்வை வளைக்கிறது. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தில் ஒளிபரப்பாளர்களுக்கு 31டி பிரிவின்படி சட்டப்பூர்வ உரிமம் பெறும் வழி உண்டு. பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் திரையரங்குக்கு வெளியே அந்தப் பாட்டு பயன்படுவதற்கான பங்குத் தொகையைப் பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது என்றும் அந்தத் திருத்தம் சொன்னது. நான் அதை முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் இணையத்தில் பாட்டை வழங்குவதற்கு 31டி பொருந்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. இன்றைக்கு நிகழ்ச்சியின் துணுக்குகள் இணையத்தில் ஓடினால்தான் ஜோடிக்குப் பெயர். அதற்குத் தனியாகப் பேசி உரிமை வாங்க வேண்டும். எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருக்கிறதோ அந்த நிறுவனத்தின் பாட்டுகளுக்குள் தேர்வு சுருங்கிவிடும். காலுக்கு ஏற்றது எது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும்.

பாட்டுத் தேர்வில் சொற்களுக்கும் பங்கு உண்டு. சோகத்தில் பிரிந்த காதலனைப் பற்றிய பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே சா-சா ஆடுவதைப் பார்த்திருக்கிறோம். தாளம் பொருந்தினாலும் தமிழ் தெரிந்தவருக்கு அது உறுத்தும். மொழி புரியாத இசைக்கு ஆடும்போது இந்தத் தொல்லை கிடையாது. நம் மேடையில் சொல்லும் ஒரு நடுவர்.

இதையெல்லாம் சின்னத்திரையின் உள் விவகாரம் என்று விட்டுவிட முடியவில்லை. அங்கே என்ன பாட்டு வருகிறதோ அதுதான் அடுத்த மாதம் பள்ளி ஆண்டு விழாவிலும், கோயில் திருவிழா ஆடல் பாடலிலும், காக்களூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைகளில் ஆயுத பூஜை மேடையிலும் வருகிறது. ஷிஃப்ட் முடித்து வந்து ஒத்திகை பார்க்கும் பிள்ளைகளுக்கு உழைப்பில் குறைவில்லை. இதே மாவட்டத்துக் கிராமங்களில் தெருக்கூத்து நடக்கும் இரவில், மத்தளக்காரரும் முகவீணைக்காரரும் கூத்தாடியின் காலிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. அவர் கிறுகிறுவென்று சுழன்று நிற்கும் இடத்தில் அடி வந்து முடியும். ஒரு சுற்று கூடுதலாகப் போனால் அடியும் ஒரு சுற்று கூடுதலாகப் போகும். டேவ் ஆர்ச் குழுவும் நம் கூத்துக் கோஷ்டியும் செய்யும் வேலை ஒரே குலம். பதிவு செய்த பாட்டுக்கு அந்தக் கண் கிடையாது. ஆகவே தொலைக்காட்சிகள் ஒரு பருவத்தில் ஒரு சுற்றையாவது நேரடி வாத்தியக் குழுவோடு நடத்த வேண்டும் என்பது என் கோரிக்கை. சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்துவிட்டு, கணினி வந்தபின் வேலை குறைந்த கைகள் எத்தனையோ இருக்கின்றன.

ஊர் அளவில் பாட்டுத் தேடுபவருக்கு இதைவிட எளிய வழி உண்டு. முதலில் பாட்டே போடாமல், வாயால் எண்ணிக்கொண்டு ஜோடியை ஆட விடுங்கள். அவர்கள் உடல் எந்த வேகத்தில் இயல்பாக நடக்கிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று பாருங்கள். பதினைந்து நொடியில் எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். மூன்று எண்ணிக்கையில் 88 வந்தால் வால்ட்ஸ், நாலில் 104 வந்தால் ரும்பா, 124 வந்தால் சா-சா. அந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு, 1964-ஆம் ஆண்டுப் பாட்டுகளிலிருந்து தேடத் தொடங்கலாம்.